கழித்து வந்த கொழுப்பு

எங்கள் வீட்டில் என் ரத்தத்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர் யாரும் கிடையாது. மனைவிக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, மைத்துனனுக்கு இரண்டு. மாடி போர்ஷன்காரர்கூட மோட்டார் போட இறங்கி வந்த இடத்தில், "எல்.டி.எல். எறங்கிருச்சா சார்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். எல்லாம் நான் சோற்றை விட்டதால் வந்த வினை. மதுரையில் ஒருவன் வேலையை விட்டால் நாலு பேர் விசாரிப்பார்கள். சோற்றை விட்டால் தெருவே விசாரிக்கும்.

விட வைத்தவன் மைத்துனன். நியாண்டர் செல்வனின் 'பேலியோ டயட்' புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன். தண்ணீரில் அல்ல, வெண்ணெயில். என் பழைய ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தான். மொத்தக் கொலஸ்ட்ரால் 210, ட்ரைகிளிசரைடு 238, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் ஹெச்.டி.எல். 34, கெட்டது எனப்படும் எல்.டி.எல். 128. "மச்சான், இது எண்ணெய் பண்ண வேலை இல்ல. சோறும் பரோட்டாவும் பண்ண வேலை" என்றான். அதில் நியாயம் இருந்தது. தேவைக்கு மேல் உள்ளே போகும் மாவுச்சத்தைக் கல்லீரல் ட்ரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் இறக்கிவிடும். அது ஏறினால் பெரும்பாலும் ஹெச்.டி.எல். இறங்கும். தொப்பை வைத்த நம்மூர் ஆட்களில் பலருக்கு இதே ஜாதகம்தான்.

அன்றிலிருந்து காலையில் எண்ணி 100 பாதாம், மதியம் காய்கறியும் பனீரும், ராத்திரி முட்டையோ மட்டனோ, இடையிடையே பட்டர் டீ. பேன்ட்டெல்லாம் தொளதொளவென்று ஆகி, பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட வேண்டி வந்தது. "மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள்ள ஏதோ சீக்கு. நீங்க யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க" என்று மாமியார் மகளிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீக்கு இல்லை என்று நிரூபிக்க ரத்தம் கொடுப்பது என்று குடும்பம் ஒருமனதாக முடிவெடுத்தது.

லேபுக்குப் போனால் முதல் கேள்வி, "வெறும் வயிறா சார்?" பட்டர் டீ குடித்தால் விரதம் முறியாது என்பது மைத்துனனின் கட்சி. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே கப்பை நீட்டியவன்தான். நான் வாங்கவில்லை என்றாலும், சட்டப்படி நிலவரம் என்ன என்று ரத்தம் எடுக்கும் பெண்ணிடம் கேட்டு வைத்தேன். ஊசியைக் கையில் பிடித்தபடி அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வெண்ணெய் போட்ட டீ குடிச்சிட்டு வந்தா ட்ரைகிளிசரைடு எகிறும் சார். 10, 12 மணி நேரம் வெறும் தண்ணிதான்" என்றார். பிறகு பக்கத்து மேஜைக்காரியிடம் திரும்பி, "டீல வெண்ணெய் போடுறாங்களாம்க்கா" என்று வருத்தமாகச் சொன்னார்.

சாயங்காலம் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் 268. ட்ரைகிளிசரைடு 65. ஹெச்.டி.எல். 57. வி.எல்.டி.எல். 13. எல்.டி.எல். 198. இதில் 268-ம் 198-ம் தடித்த எழுத்தில், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியோடு நின்றன.

மனைவி தடித்த எழுத்தை மட்டும் படித்தாள். மைத்துனன் தடிக்காத எழுத்தை மட்டும் படித்தான். ஒரே காகிதத்தைப் படித்துவிட்டு ஒருத்தி அழுதாள், ஒருத்தன் கைகொடுத்தான். "238-லேர்ந்து 65 மச்சான்! மொத்தத்தை ஹெச்.டி.எல்.லால வகுத்துப் பாருங்க. முன்னாடி 6.2, இப்போ 4.7. லேப்காரனே நார்மல்னு போட்டிருக்கான்." போட்டுத்தான் இருந்தான். விகிதம் தேறிவிட்டது, எல்.டி.எல். தோற்றுவிட்டது. நான் பாஸா ஃபெயிலா என்று அந்தக் காகிதத்தைக் கேட்டால் இரண்டுக்கும் தலையாட்டுகிறது.

அப்போதுதான் மைத்துனன் துருப்புச் சீட்டை இறக்கினான். "மச்சான், அந்த 198-ஐ யாரும் அளக்கவே இல்ல." இதுவும் உண்மைதான். முன்பெல்லாம் எல்.டி.எல்.லைத் தனியே பிரித்து அளக்க அசுர வேகத்தில் சுழலும் இயந்திரம் வேண்டும். அந்தச் செலவு வேண்டாம் என்று ஃபிரீட்வால்ட், லெவி, ஃபிரெட்ரிக்சன் என்று மூன்று பேர் 1972-இல் ஒரு குறுக்கு வழி கொடுத்தார்கள். மொத்தத்தில் ஹெச்.டி.எல்.லைக் கழி, ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து வரும் வி.எல்.டி.எல்.லையும் கழி, மிச்சம் எல்.டி.எல். இன்றைக்கும் பல லேப்கள் இந்தக் கணக்கைத்தான் போடுகின்றன. 268-இல் 57 போக, 13 போக, 198. கால்குலேட்டரில் போட்டேன். சரியாக இருந்தது. எங்கள் குடும்ப நிம்மதியைக் குலைத்தது ஐந்தாம் வகுப்புக் கழித்தல்.

ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. ரொம்பக் குறைந்தாலும் எல்.டி.எல்.லைக் கூட்டிக் காட்டலாம் என்று 2008-இல் ஈரானிய ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். "நமக்கு 65. அப்ப கணக்குத் தப்பு. கேஸ் தள்ளுபடி" என்று மைத்துனன் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டான். மனைவி தள்ளுபடி செய்யவில்லை. டாக்டரிடம் டோக்கன் போட்டாள்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார். "எடை குறைஞ்சது நல்லது, ட்ரைகிளிசரைடு ரொம்ப நல்லது" என்றவுடன் மைத்துனன் என் தொடையைக் கிள்ளினான். "ஆனா இது நல்லா இருக்குங்கறதுக்காக அதை மன்னிக்க முடியாது. 198 கூடுதல்தான். 190-ஐத் தாண்டினா நாங்க மாத்திரை பத்திப் பேசுவோம்." கிள்ளல் நின்றது.

மைத்துனன் விடுவானா? "டாக்டர், கொலஸ்ட்ரால் கதையே 1913-ல அனிச்கோவ்னு ஒரு ரஷ்யாக்காரர் முயலுக்குக் கொலஸ்ட்ராலைக் குடுத்து ஆரம்பிச்சது. முயல் புல்லு திங்கிற சாதி. அதுக்கு ரத்தக்குழாய் அடைக்காம என்ன செய்யும்?"

"முயலை விடுங்க, மனுஷனுக்கு வருவோம்" என்றார் டாக்டர். பிறவியிலேயே எல்.டி.எல். அதிகமாக உள்ள குடும்பங்களில் இளம் வயதிலேயே மாரடைப்பு வருகிறது. அது ஏன் என்று தேடிய பிரவுனும் கோல்ட்ஸ்டைனும், ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகளைக் கண்டுபிடித்து 1985-இல் நோபல் வாங்கினார்கள். இந்த ஏற்பிகள் கல்லீரலில்தான் அதிகம். வெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றின் நிறைவுற்ற கொழுப்பு கூடினால் அவற்றின் வேலை மந்தமாகும். "முட்டை?" என்றாள் மனைவி, ஆவலோடு. முட்டையில் இருக்கும் கொலஸ்ட்ரால் பெரும்பாலானவர்களுக்கு அவ்வளவு ஏற்றாது. அமெரிக்க அரசே 2015-2020 உணவு வழிகாட்டுதலில் தினம் 300 மில்லிகிராம் என்ற வரம்பைக் கைவிட்டது என்றார். முட்டைக்கு ஜாமீன் கிடைத்தது. வெண்ணெய் உள்ளே போனது.

கழித்தல் சண்டைக்கும் அவரிடம் வழி இருந்தது. "சந்தேகமா இருந்தா அப்போ-பி பார்த்திடுவோம். ஒவ்வொரு எல்.டி.எல். துகளுக்கும் ஒரே ஒரு அப்போ-பி புரதம். கொலஸ்ட்ரால்ங்கறது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல எத்தனை பயணிங்கற கணக்கு. அப்போ-பி, எத்தனை பஸ் ஓடுதுங்கற கணக்கு. டிராஃபிக் ஜாம் பஸ்ஸாலதானே?" கூடவே தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச். எழுதினார், தைராய்டு சோம்பினாலும் எல்.டி.எல். ஏறும். வாழ்நாளில் ஒருமுறை போதும் என்று லிப்போபுரோட்டீன்-ஏ-யும் எழுதினார். அது பரம்பரைச் சொத்து. டயட்டால் பெரிதாக மாறாது. கடைசி இரண்டும் ஒழுங்காக வந்தன. அப்போ-பி மட்டும் 142. கழிக்காமல், வகுக்காமல், நேராக அளந்ததே கூடுதல். மைத்துனன் அன்று சாப்பிடாமல் வீட்டுக்குப் போனான்.

மாத்திரை பற்றிப் பேச்சு வந்தபோது எனக்கு ஒரு தகவல் கிடைத்தது. ஸ்டேடின் வகை மருந்தின் மூலத்தைக் கண்டுபிடித்தவர் அகிரா எண்டோ என்ற ஜப்பானியர். 1970-களின் தொடக்கத்தில் 6,000-க்கும் மேற்பட்ட பூஞ்சை, காளான் வகைகளைச் சோதித்து, கடைசியில் ஒன்றைப் பிடித்தார். அந்தப் பூஞ்சை எங்கே கிடைத்தது? கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில். அரிசியைத் தள்ளி வைத்து ஏற்றிக்கொண்ட கொழுப்பை இறக்கும் மருந்துக்கு அரிசிதான் பிறந்த வீடு. மாமியாரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "அரிசில இல்லாததா?" என்று உலை வைக்கப் போய்விட்டார்.

இன்னொரு தகவலை வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்போது ஹார்வர்டு மருத்துவ மாணவராக இருந்த நிக்கோலஸ் நார்விட்ஸ், மாவுச்சத்தை ஒதுக்கும் கீட்டோ டயட்டில் கறாராக இருந்த ஒல்லி ஆள், எல்.டி.எல். 384-இல் நின்றபோது தினம் 12 ஓரியோ பிஸ்கட் சாப்பிட்டார். 16 நாளில் 111-க்கு இறங்கியது. பிறகு பிஸ்கட்டை நிறுத்தி, இடைவெளி விட்டு, 6 வாரம் ஸ்டேடின் சாப்பிட்டார். 421 இருந்தது 284 ஆனது, அவ்வளவுதான். 2024-இல் ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது. மாவுச்சத்தை அடியோடு நிறுத்திய ஒல்லி உடம்பில், கொஞ்சம் மாவுச்சத்து திரும்பினாலே எல்.டி.எல். சரியலாம் என்று காட்டத்தான் அதைச் செய்தார்; பிஸ்கட் மருந்து என்று சொல்ல அல்ல. என் மகன் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு, "அப்பாவுக்காக நானும் சாப்பிடறேன்" என்று கடைக்கு ஓடினான்.

"முன்னாடி 128 இருந்திருக்கு, அதனால இது பிறவிக் கோளாறு இல்ல. எடை வேகமா இறங்கறப்பவும் கொஞ்சம் ஏறும். சாப்பாட்டை மாத்திட்டு மறுபடி பாருங்க, அப்புறம் மாத்திரையைப் பேசலாம்" என்று டாக்டர் தவணை கொடுத்தார். பட்டர் டீயிலிருந்து பட்டர் போனது, டீ தங்கியது. மட்டன் குறைந்து அயிரையும் சங்கராவும் வந்தன. கடலை எண்ணெய் அடுப்புக்குத் திரும்பியது. காலையில் இரண்டு இட்லிக்கு மனைவி அனுமதி வாங்கினாள். ஊற வைத்த வெந்தயத்தை மாமியார் யாரிடமும் அனுமதி வாங்காமலே கொடுத்தார்.

அடுத்த ரிப்போர்ட்: மொத்தம் 205, ட்ரைகிளிசரைடு 95, ஹெச்.டி.எல். 54, எல்.டி.எல். 132. "இப்படியே போங்க, மாத்திரையை இன்னும் தள்ளிப் போடலாம்" என்றார் டாக்டர்.

இட்லிதான் இறக்கியது என்கிறாள் மனைவி. வெந்தயம் என்கிறார் மாமியார். வெண்ணெயை நிறுத்தியதுதான் என்கிறார் டாக்டர். எடை இறங்குவது நின்றதால் தானாக இறங்கியது, டயட் மேல் குற்றமில்லை என்கிறான் மைத்துனன். ஓரியோ என்றால் 16 நாளில் முடிந்திருக்கும் என்கிறான் மகன். அந்த ஹார்வர்டு பையன் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றினான். நாங்கள் கூட்டுக் குடும்பமாக எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டோம். எது வேலை செய்தது என்று எந்த லேபும் இனிச் சொல்லப் போவதில்லை.

"அடுத்த தடவை ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போமே" என்றேன். எதை மாற்றுவது என்று ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து, எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதாக ஏற்பாடு.