கூண்டு ஏற்றியாச்சு!

புயல் கேள்வி-பதில்

"புயலில் மாட்டிய அனுபவம் உண்டா? கேள்வியாக எழுதி அனுப்புங்கள்" என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். சென்னையில் தொடங்கி குமரி வரை கடற்கரை முழுவதிலிருந்தும் கடிதங்கள். இடம் கொண்டவரைக்கும் பதில்கள் இதோ.

வர்தா அன்று மத்தியானம் பேய்க்காற்று திடீரென்று அடங்கியது. தெருவில் இறங்கி, சாய்ந்த மரங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது பாருங்கள், ஓடிவந்து கதவைச் சாத்தவே முடியவில்லை. இது என்ன கணக்கு?
– வாசகர், புரசைவாக்கம்

நீங்கள் வேடிக்கை பார்த்தது புயலின் கண்ணுக்குள் நின்றுகொண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையை ஒட்டித்தான் கரையேறியது. நம் கடல்களில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். கிழக்கிலிருந்து அது நெருங்கும்போது காற்று வடக்கிலிருந்து அடிக்கும். கண் தாண்டியதும் தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். முதல் அடியில் வேர் இளகிய மரமும், பாதி கழன்ற தகரமும், தொங்கிக்கொண்டிருக்கும் பெயர்ப்பலகையும் அந்த இரண்டாவது அடிக்குத்தான் விழும். ஆகவே காற்று நின்றாலும், வானம் வெளுத்தாலும், "முழுமையாகக் கடந்துவிட்டது" என்ற அறிவிப்பு வரும்வரை படியிறங்காதீர்கள்.

துறைமுகத்தில் ஏற்றும் கூண்டில் 10-ம் எண்தான் கடைசியா?
– பள்ளி மாணவி, நாகப்பட்டினம்

இல்லை, 11 இருக்கிறது. 10 என்றால் பெரும்புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கப்போகிறது என்று பொருள். 11 என்றால், வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, ஆபத்து என்று துறைமுக அதிகாரி தானே முடிவுசெய்து ஏற்றியிருக்கிறார். மிக மோசமான நிலை எது என்று கேட்டால், செய்தி வராத நிலைதான் என்று இந்த வரிசையை வகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் தாத்தா தனுஷ்கோடி ரயிலைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் பாதியில் நிறுத்திவிடுவார். அந்த ரயிலை ஏன் யாரும் தடுக்கவில்லை?
– வாசகர், ராமேஸ்வரம்

தடுக்கச் சொல்லி ஒரு வார்த்தை அனுப்ப வழியில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தொலைபேசியும் தந்தியும் அறுந்து கிடந்தன. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ம் எண் பாசஞ்சர், தனுஷ்கோடியை நெருங்கிய நேரத்தில் கடல் எழுந்து வந்து பெட்டிகளை அப்படியே வாரிக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஒருவர்கூட மிஞ்சவில்லை. பாம்பன் பாலமும் உடைந்துபோனதால் தீவே துண்டானது. 

பாலத்தை ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் குழு 46 நாட்களில் சரிசெய்தது. பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டியவர் அவரே. பாலத்துக்கு 46 நாள் போதுமாக இருந்தது. ஊரையோ, வாழத் தகுதியற்றது என்று அறிவித்து அத்தோடு கைகழுவிவிட்டார்கள். இருந்தும் மீனவக் குடும்பங்கள் இன்றுவரை அங்கே குடிசை போட்டு வாழ்கின்றன. தாத்தா எந்த இடத்தில் நிறுத்துகிறாரோ அங்கேயே விட்டுவிடுங்கள், வற்புறுத்தாதீர்கள். அவராகத் தொடரும் நாளில் பக்கத்தில் இருங்கள்.

காற்று 60 கிலோமீட்டர் என்றால் 120-இல் பாதிதானே? எங்கள் வீட்டு ஓடு 60-ஐத் தாங்கியது. 120-க்கு ஏன் மொத்தமாகப் பறந்தது?
– வாசகர், மரக்காணம்

வேகம் இரட்டித்தால் காற்றின் அழுத்தம் நாலு மடங்காகும். "போன புயலையே தாங்கிய வீடு" என்ற தைரியத்துக்கு ஆதாரம் கிடையாது.

புயல் நேரத்தில் ஜன்னலைத் திறந்துவைத்தால் காற்று உள்ளே புகுந்து வெளியே போய்விடும், வீடு தப்பும் என்கிறார் மாமனார். சரியா?
– வாசகி, திருவாரூர்

மாமனார் மேல் மரியாதை இருக்கட்டும், ஜன்னல் மூடியே இருக்கட்டும். புகுந்த காற்று உள்ளிருந்து கூரையைத் தூக்கும். மேலே ஓடும் காற்று வெளியிலிருந்து இழுக்கும். ஓடும் தகரமும் பிய்த்துக்கொண்டு போவது இப்படித்தான்.

எங்கள் அண்ணன் ஒக்கியில் போனவர். "எச்சரிக்கை கொடுத்தோமே" என்று இன்னும் சொல்கிறார்கள். நடுக்கடலில் இருந்தவருக்கு யார் கொடுத்தார்கள்?
– வாசகி, தூத்தூர் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்

யாரும் கொடுக்கவில்லை, அம்மா. 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்கு அருகே தாழ்வு மண்டலம் உருவானது. 30-ம் தேதி காலையிலேயே அது குமரிக் கடலில் புயலாகிவிட்டது. உங்கள் ஊர்க்காரர்கள் தங்குகடலுக்குப் போகிறவர்கள். வாரக்கணக்கில், கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தாண்டித் தொழில் செய்கிறவர்கள். கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே செல்போன் சிக்னல் செத்துவிடும், வயர்லெஸ்ஸும் அவ்வளவு தூரம் எட்டாது. டி.வி.யில் சொன்ன எச்சரிக்கை கரையில் இருந்தவர்களின் காதில்தான் விழுந்தது. அப்படியே அவருக்கு எட்டியிருந்தாலும், ஒரு நாள் அவகாசத்தில் அந்தத் தூரத்திலிருந்து எந்த விசைப்படகு கரை சேரும்?

ஆழ்கடலுக்குச் சொல்வதென்றால் செயற்கைக்கோள் வழியாகத்தான் சொல்ல முடியும். ககன் அமைப்பின் செயற்கைக்கோள்கள் வழியே படகுக்குச் செய்தி அனுப்பும் ஜெமினி என்ற கருவி 2019-இல் வந்தது. விசைப்படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் வேலையும் தொடங்கியது. இவை உங்கள் ஊர் மக்கள் உயிரைக் கொடுத்தும், சாலையிலும் ரயில் பாதையிலும் உட்கார்ந்து போராடியும் பெற்றவை. 

இன்னொன்றையும் எழுதியிருந்தீர்கள்: உடல் கிடைக்காததால் அண்ணிக்குச் சான்றிதழ் வாங்க அலைந்தது. காணாமல்போனவரை இறந்தவராகக் கருத ஏழு ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது சட்டம். ஒக்கிக்காக அதைத் தளர்த்தினார்கள். கடலில் போனவர்களுக்கு அந்தத் தளர்வு நிரந்தர விதியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு பெண் மனு எழுதி அலுவலக வாசலில் நிற்கக் கூடாது.

காற்று வருவதற்கு முன்பே கரண்டை நிறுத்திவிடுகிறார்களே, இது நியாயமா?
– வாசகர், சிதம்பரம்

நியாயம்தான். மின்சாரம் பாயும் கம்பி அறுந்து தேங்கிய தண்ணீரில் கிடந்தால், காற்று விட்டுவைத்த ஆளை அது கொல்லும். கரண்ட் இல்லையே என்று ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்து ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

கஜாவில் என் தென்னந்தோப்பு மொத்தமும் போனது. நிவாரணம் வாங்கியாச்சே, இன்னும் என்ன புலம்பல் என்று வெளியூர் உறவினர் கேட்கிறார். என்ன பதில் சொல்ல?
– விவசாயி, பேராவூரணி

கணக்கையே பதிலாகச் சொல்லுங்கள். 2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்பே நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று உள்ளே வந்து, விடிந்து பார்த்தபோது மரமெல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தது. ஒரு மரத்துக்கு அரசு கொடுத்தது 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100. காய்ப்பில் இருக்கும் ஒரு நல்ல நெட்டை மரம் ஆண்டுக்கு 100 காய்க்குக் குறையாமல் தரும். அதாவது ஒரு வருட விளைச்சலைக் கையில் கொடுத்து, ஐம்பது அறுபது வருட மரத்தின் கணக்கை முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். மறுநாளே கன்று நட்டிருந்தாலும் பாளை விட ஐந்தாறு வருடம், நிறைந்து காய்க்க இன்னும் சில வருடம். இடையில் வட்டி மட்டும் தவறாமல் காய்க்கும்.

டெல்டாவில் தென்னையை 'பிள்ளை' என்றுதான் சொல்வார்கள். மகள் பிறந்த வருடம் வைத்த வரிசை அவள் கல்யாணத்துக்கு என்று எண்ணி வைத்திருந்த வீடுகள் எத்தனை. அந்த ஒரு ராத்திரியில் படிப்பு நின்றது, திருமணம் தள்ளிப்போனது, திருப்பூருக்கு பஸ் ஏறியவர்கள் பலர். கேமராக்கள் சில நாளில் அடுத்த செய்திக்குப் போய்விட்டன. பிற மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்கள் மட்டும், சேறு முழங்கால் வரை இழுக்கும் வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்து நட்டார்கள். அவர்களுக்குச் சோறு போட்டவை, கூரை இல்லாத வீடுகள். இதையும் உறவினரிடம் சொல்லுங்கள்.

மாட்டை விட்டுவிட்டு முகாமுக்குப் போக மனசு வரவில்லை. என்ன செய்வது?
– வாசகர், கோடியக்கரை

மேட்டுக்கு ஓட்டிப்போக நேரம் இருந்தால் ஓட்டிப்போங்கள். இல்லையென்றால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். நீந்தவும் மேடு தேடவும் மாட்டுக்குத் தெரியும். கட்டிய முளையைப் பிடுங்கத்தான் தெரியாது.

ஒவ்வொரு புயலுக்கும் முகாமுக்கு வரச் சொல்கிறார்கள். ஆணும் பெண்ணும் ஒரே கூடம், கதவில்லாத கழிப்பறை, இருட்டு. வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு எப்படிப் போவது? வீட்டிலேயே இருந்தால் பிடிவாதம் என்கிறார்கள்.
– வாசகி, கடலூர் முதுநகர்

உங்கள் கேள்வியை ஒவ்வொரு ஆட்சியர் அலுவலகத்திலும் ஒட்டிவைக்க வேண்டும். 1991 ஏப்ரல் 29 அன்று வங்கதேசத்தைத் தாக்கிய புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகம். வீட்டு ஆண் வந்து அழைக்கக் காத்திருந்தார்கள், பிள்ளைகளைச் சுமந்தார்கள், சேலை தண்ணீரில் சுற்றிக்கொண்டது, முகாமில் தங்களுக்கென்று மறைவிடம் இல்லாததால் தயங்கினார்கள். அந்த நாடு அதிலிருந்து கற்றுக்கொண்டது. பெண்களுக்குத் தனி அறையும் கால்நடைக்கு இடமும் உள்ள முகாம்களைக் கட்டியது, ஊர் ஊராகத் தொண்டர்களைப் பழக்கியது. அவர்களில் பெண்களும் உண்டு. கதவைத் தட்டி "வாங்க அக்கா" என்று கூப்பிட ஒரு பெண் வந்தால் கிளம்புகிற கால்கள் வேறு.

ஒடிசாவைப் பாருங்கள். 1999 புயலில் ஏறக்குறைய 10,000 பேர் மடிந்தார்கள். 2013-இல் பைலின் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. அதே கடல், அதே கரை. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள், ஒரு விளக்கு, பெண் காவலர் ஒருவர்: இந்த மூன்றும் முகாமில் இருக்கிறதா என்று புயல் இல்லாத மாதத்தில், கிராம சபையில் எழுந்து கேளுங்கள். அழைத்தால் வராதவர்களைப் பிடிவாதக்காரர் என்பது எளிது. அழைக்கும் இடம் எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவில். என் வீட்டுக்குள் ஏன் இடுப்பளவு தண்ணீர்?
– வாசகர், வேளச்சேரி

கடக்கும் இடத்தைவிட நகரும் வேகத்தைக் கவனியுங்கள். பாபட்லா அருகே 2023 டிசம்பர் 5 அன்று கரையேறுவதற்கு முன், 3-ம் தேதி இரவும் 4-ம் தேதியும் அது சென்னைக்குப் பக்கத்துக் கடலில் ஆமை வேகத்தில் நகர்ந்துகொண்டு மழையைக் கொட்டியது. கடல் பொங்கியிருந்ததால் ஆற்று முகத்துவாரங்களில் தண்ணீர் வடியவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. இன்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது, அங்கே உங்கள் வீடு இருக்கிறது. வீடு வாங்கிய உங்களைவிட, மனைக்கு அனுமதி கொடுத்தவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

புயலுக்குப் பெயர் வைப்பது யார்?
– ஐந்தாம் வகுப்பு மாணவன், புதுச்சேரி

வங்கக் கடலையும் அரபிக் கடலையும் சுற்றியுள்ள 13 நாடுகள். ஆளுக்கு 13 பெயர் என்று 169 பெயர்கள் 2020-இல் வெளியான பட்டியலில் இருக்கின்றன, தம்பி. உன் ஊரை 2024-இல் மூழ்கடித்த ஃபெஞ்சலுக்குப் பெயர் கொடுத்தது சவூதி அரேபியா.

கஜா வந்தபோது என் மகளுக்கு ஆறு வயது. கூரை பறந்ததைக் கண்ணால் பார்த்தவள். இப்போதும் காற்று கொஞ்சம் பலமாக வீசினால் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். படிப்பில் கெட்டிக்காரி. பயத்தை எப்படிப் போக்குவது?
– ஒரு தாய், வேதாரண்யம்

"பயப்படாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவள் பார்த்தது நிஜம், பயம் நியாயமானது. பையோடு வாசலில் நிற்கிறாளே, அந்தப் பொறுப்பை அவளிடமே கொடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாட்டியின் மாத்திரை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அடுக்குவது அவள் வேலையாகட்டும். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, வாடையா கொண்டலா என்று தாத்தாவிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும். எல்லாக் காற்றும் கஜா இல்லை என்பது அவளுக்கே பிடிபடும். முகாமாகும் பள்ளிக்கூடத்தை வெயில் நாளில் ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டுங்கள். தூக்கம் கெட்டாலோ, சாப்பாடு குறைந்தாலோ, பள்ளிக்கூடம் போக மறுத்தாலோ தாமதிக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் இருக்கிறார்கள், கட்டணம் இல்லை. 104-க்கு அழைத்தாலும் ஆலோசனை கிடைக்கும். நீங்களும் அன்றைக்கு அதே கூரைக்குக் கீழே இருந்தவர்தானே? அவளோடு போகும்போது உங்களுக்கும் சேர்த்துப் பேசிவிட்டு வாருங்கள்.