சகஜமாக இருங்கள்!

கல்யாண மண்டபத்தில் புரோகிதருக்கும் மேற்பட்ட அதிகாரம் வாய்ந்த ஒருவர் உண்டென்றால், அவர் மார்பின் குறுக்கே தோல்வார் மாட்டி, இருபுறமும் கேமராக்களைத் தொங்கவிட்டு, ஹோமகுண்டத்துக்கும் மாப்பிள்ளையின் முழங்காலுக்கும் இடையிலுள்ள சொற்ப இடத்தில் அனந்தசயனம் கொண்டிருக்கும் கேண்டிட் போட்டோகிராபரே ஆவார். மேடைக்கெதிரே நின்று உறவினரை வரிசைப்படுத்தும் பழைய பாணிக்காரர் வேறு. அவருக்குத் தனிக் கூலி. அவர், "இங்கே பாருங்க" என்பார். இவர், "என்னைப் பார்க்காதீங்க" என்பார். இவ்விரு ஆக்ஞைகளுக்கும் ஏககாலத்தில் கீழ்ப்படிந்த தம்பதிகள் மாறுகண் இல்லாமல் வீடு திரும்புவது முன்னோர் செய்த புண்ணியம்.

இவ்வித்தையின் மூலபுருஷருள் ஒருவரான எரிக் சாலமன், 1928-ல் ஜெர்மன் நீதிமன்றமொன்றில், தொப்பிக்குள் கேமராவை ஒளித்துவைத்து ஒருவரும் அறியாமல் படம் பிடித்தார். நம்மவருக்கு முன்னாலோ விளக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் வருகிறான்!

அந்த நாளைய ஸ்டூடியோக்காரர், தாடையை நிமிர்த்து, மூச்சை அடக்கு என்று நம் சரீரத்தை மட்டுமே கேட்டார். உள்ளுக்குள் நாம் அவரைத் தாராளமாகச் சபித்துக்கொண்டிருக்கலாம். இவருக்கோ அந்தக்கரணமே வேண்டும். "யாரோ ஜோக் சொன்ன மாதிரி சிரிங்க" என்று தோழிமாரை ஏவுவார். கன்னிகாதானத்தின்போது தாயார் உண்மையாகவே கண் கலங்கிவிட்டால், "அம்மா, அதே அழுகை, கொஞ்சம் ஜன்னல் பக்கமாத் திரும்பி" என்று விநயத்தோடு விண்ணப்பிப்பார். அந்தச் சாது ஸ்திரீயும், அழுகை வற்றிப்போன குற்றத்துக்காக வெட்கப்பட்டு, முந்தானையை மீண்டும் கண்ணருகே கொண்டுபோவாள். முழங்கால்மேல் கைவைத்து, லென்ஸையே நேராக நோக்கி உட்கார்ந்திருந்த பாட்டனார் ஒருவரிடம், "தாத்தா, கேமராவைப் பார்க்காம இருங்க" என்றபோது, "பின்னே எதுக்கப்பா அதைக் கொண்டுவந்தே?" என்று அவர் கேட்டார். அன்று மண்டபத்தில் நடந்த ஒரே தர்க்கரீதியான சம்பாஷணை அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும் தினத்தில், யாரும் ஏவாமல் தானாக விளைந்தவை இரண்டொன்று அகப்படும்: தாலி கட்டும் வேளையில் வாயைப் பிளந்து கொட்டாவி விடும் மாமா; மொய்க் கவரை வெளிச்சத்துக்கெதிரே தூக்கிப் பிடித்து, உள்ளே இருப்பதை அனுமானிக்கும் சம்பந்தி. இவற்றை மட்டும் எடுத்துவிடுமாறு வீட்டார் ஒரே குரலில் வேண்டுகிறார்கள். கலைஞரும் ஆட்சேபிப்பதில்லை, லைட்டிங் சரியில்லையென்று அவரே அவற்றை ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருக்கிறார்.