யூரியா குடிக்கும் வண்டி

ரோஸ்டவுன், சஸ்காச்சவான், கனடா
செப்டம்பர் 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். சித்தி, பாப்பா, மாடுகள், கிணற்று மோட்டார் எல்லோர் நலமும் அறிய ஆவல். மோட்டாருக்கு மறுபடி காயில் எரிந்துவிட்டதென்று தம்பி சொன்னான். "அவனுக்கென்ன, அங்கே பட்டனைத் தட்டினால் எல்லாம் நடக்கும்" என்று நீங்கள் பெருமூச்சு விட்டதையும் சேர்த்தே சொன்னான். அதனால் நேற்று இங்கே பட்டனைத் தட்டி என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

இங்கே நிலத்தை மைலுக்கு மைல் சதுரமாக அளந்து வைத்திருக்கிறார்கள். ஒரு சதுரம் 640 ஏக்கர். 1872-ல் ஒரு சட்டம் போட்டு, குடியேற வந்தவர்களுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் கொடுத்தார்கள். அரையடி வரப்புக்காகப் பெரியப்பா சேலம் கோர்ட்டுக்கு நடையாய் நடந்ததை நான் இங்கே யாரிடமும் சொல்வதில்லை. நான் வேலை பார்க்கும் பண்ணையின் நிலம் முழுவதற்கும் ஆட்கள் நான்கே பேர்: முதலாளி, அவர் மனைவி, எண்பதைத் தாண்டிய அவருடைய அப்பா, நான். தானிய லாரியை ஓட்டுவது அந்தப் பெரியவர்தான்.

இப்போது மைசூர்ப் பருப்பு அறுவடை. கனடாவின் பருப்பில் பெரும்பகுதி இந்த மாகாணத்தில் விளைவது, இந்தியாவுக்கும் கப்பலேறும். செடி முழங்கால் உயரம்கூட வராது, காய் தரையோடு கிடக்கும். கத்தியை மண்ணை உரச இறக்கினால்தான் அறுபடும். இறக்கினால் கல். பனியுகத்தில் பனிப்பாறைகள் உருட்டிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போன கல். விதைத்த கையோடு பெரிய இரும்பு உருளையை ஓட்டி அழுத்திவிடுவார்கள். அதற்கும் அடங்காத ஒன்று காலையிலேயே கத்தியின் பற்களைப் பெயர்த்துவிட்டது. போல்ட்டைக் கழற்றிப் புதுப் பல் மாட்டினேன். கிளம்பினால் தானியத்தைத் தொட்டிக்கு ஏற்றும் இயந்திரத்தின் பெல்ட் அறுந்தது. அதையும் மாற்றினோம். அடுத்து லாரி டயர். இவையெல்லாம் கோளாறில் சேர்த்தியில்லை சித்தப்பா. ஸ்பானருக்கு அடங்குவதைக் கோளாறு என்று சொல்லக்கூடாது.

கோளாறு மதியத்துக்கு மேல் வந்தது. நம் ஊரில் யூரியாவைப் பயிருக்குப் போடுவோம். இங்கே அறுவடை வண்டி குடிக்கிறது! 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் தண்ணீர். புகையில் அதைப் பீய்ச்சினால் நச்சு வாயு நைட்ரஜனும் நீராவியுமாகப் பிரிந்துவிடும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த யூரியாத் தொட்டிக்குள் இருக்கும் சென்சாருக்கு நேற்று மனசு சரியில்லை. திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது, வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஆமையாகிவிட்டது. இன்ஜினில் கோளாறில்லை, கோளாறு இருக்கிறதா என்று பார்க்கிற கருவியில்தான் கோளாறு.

மாற்று சென்சார் ஒன்று கொட்டகையில் இருந்தது. மாட்டியும் விட்டேன். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. புது சென்சாரை அதற்கு அறிமுகம் செய்துவைக்க கம்பெனி ஆள் லேப்டாப்போடு வரவேண்டுமாம். அவர் இருப்பது சஸ்கட்டூனில், நூறு கிலோமீட்டருக்கு அப்பால். வாசற்படி இறங்கியதிலிருந்து அவருக்கு மீட்டர் ஓடும். அதுவும் இன்றைக்கு வரமுடியாது, நாளைக்குத்தான் என்றார். மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. மழையில் நனைந்தால் பருப்பின் நிறம் போய்விடும், தரம் இறங்கி விலையும் இறங்கும். வண்டி முதலாளியுடையது, கடன் முதலாளியுடையது, சாவி என் கையில். பாஸ்வேர்டு மட்டும் வேறொருவருடையது.

அப்போது பெரியவர் ஒன்றும் பேசாமல் கொட்டகைக்குப் போனார். கம்பி வைத்துக் கட்டிய, கம்ப்யூட்டர் வாடையே அறியாத தன் பழைய அறுவடை வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தார். கறுப்புப் புகை கக்கியபடி அது இருட்டும்வரை அறுத்தது. அமெரிக்காவில் நாற்பது வருடப் பழைய டிராக்டர்களுக்கு ஏலத்தில் ஏன் போட்டி நடக்கிறது என்று நேற்றுத்தான் விளங்கியது.

இந்தச் சிக்கலை அரசாங்கங்களும் பார்க்காமல் இல்லை. தன் இயந்திரத்தைத் தானே பழுதுபார்க்க விவசாயிக்கு உரிமை உண்டென்று அமெரிக்காவில் கொலராடோ மாகாணம் 2023-ல் சட்டம் போட்டது. 2024 நவம்பரில் கனடாவும், பழுதுபார்ப்பதற்காக மென்பொருள் பூட்டை உடைத்தால் குற்றமில்லை என்றது. ஆனால் உடைக்கும் கருவியைக் கடையில் விற்க வழி செய்யவில்லை. கிணறு வெட்டிக்கொள், கயிறு மட்டும் கேட்காதே என்கிறார்கள்.

நீங்கள் 55 எச்.பி. டிராக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போவதாகக் கேள்வி. நம் நாட்டிலும் 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து புதுப் புகை விதி. அவற்றின் இன்ஜின்களிலும் எலெக்ட்ரானிக் சமாச்சாரம் ஏறிவிட்டது. சேலம் அஞ்சு ரோட்டில் நமக்கு மோட்டார் காயில் கட்டும் அண்ணன் எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் பாஸ்வேர்டைக் கட்டித் தரமாட்டார். ஷோரூமில் மைலேஜைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: சென்சார் போனால் யார் வருவார், எந்த ஊரிலிருந்து, எத்தனை நாளில்? பதிலை எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, பிறகு பணத்தை எண்ணுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்