கரகரப்பு ராகம்

மேல்நாட்டுக் கலைஞர்களுக்கு வாசிக்கக் கிளப் இருந்தது. அங்கே ஆம்ப்ளிஃபயர் புகைந்த கதையை வயதான காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்த எனக்கு வாய்த்தது ஆர்.கே.பேட்டைப் பக்கத்து அம்மன் கோயில் திடல், ஆடி மாதத்தில்.

மேடையில் முதல் கச்சேரி கரண்டுடையது. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. எர்த் சரியில்லையென்றால் அந்த 50-ம், அதன் இரட்டிப்பான 100-ம் ஸ்பீக்கரில் முனகும். சவுண்டு சர்வீஸ் அண்ணன் மண்ணில் ஒரு கம்பியைச் செருகி, அரைச் சொம்பு தண்ணீர் ஊற்றுவார். அபிஷேகம் ஆன திருப்தியில் முனகல் கொஞ்சம் அடங்கும். அடுத்து மைக். ஸ்பீக்கருக்கு எதிரே போனால், தன் சத்தத்தையே வாங்கி வாங்கிப் பெருக்கி ஊளையிடும். பாடகர் சங்கதி போடுகிறார் என்று நினைத்து முன்வரிசை ஒருமுறை கைதட்டியது.

ஜெனரேட்டர் தனி வித்வான். சரணத்தின் நடுவே படுத்துவிட்டது. விசைத்தறி ஓட்டும் பெரியவர் ஒருவர் மேடையோரம் வந்தார்.

"ஏம்பா, தறி நின்னா நூல் அறுந்துச்சான்னு பாப்போம். உனக்கு எது அறுந்துச்சு?"

"மானம், பெரியவரே."

பக்கத்துத் திருத்தணி மலையில்தான் முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) தம் முதல் கீர்த்தனையைப் பாடினார் என்பது வழக்கு. மைக்கும் இல்லை, எர்த்தும் இல்லை, பிழைத்தார்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, பொதுவாக இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. அன்று எல்லாம் சரியானபோது மணி 9.55.