செல்போன் சின்ன அலங்காரம்: கொங்கு நாட்டை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

ஆய்வின் தேவை

நொய்யல் ஆற்றைப் பற்றி ஆய்வேடுகள் உண்டு. காங்கயம் காளையைப் பற்றி உண்டு. கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனால் பீளமேட்டு விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவர், விடிந்தால் பரீட்சை என்ற நிலையில், ராத்திரி ஒரு மணிக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாட்ஸ்அப்பின் பச்சைச் சின்னத்தைக் காப்பிப்பொடி நிறத்துக்கு மாற்றிக்கொண்டிருப்பது எதனால் என்ற கேள்வியை அறிஞர் உலகம் தொடவே இல்லை. அந்தப் பெருங்குறையை நீக்க வந்தது இக்கட்டுரை.

இதற்கு நல்கை எதுவும் பெறப்படவில்லை. டீ, பப்ஸ், தேங்காய் பன் ஆகிய இனங்களில் நேர்ந்த செலவை ஆய்வாளரே ஏற்றார். கோவையில் டீ குடிக்கப் போகிற இடத்துக்குப் பேக்கரி என்று பேர்; வெளியூர் வாசகர்கள் இதை அடிக்குறிப்பாகக் கொள்க.

தொன்மை

எதை ஆராய எடுத்தாலும், அது சங்க காலத்திலேயே நம்மிடம் இருந்தது என்று முதலில் நிறுவிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். மரபு அது. ஆகவே சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் தொடங்குகிறோம். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பது அறிஞர் கொள்கை. இங்கே தோண்டி எடுத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆட்களின் பேர்கள் இருக்கின்றன. எழுத்தல்லாத கீறல் குறிகளும் இருக்கின்றன. பானை சூளையிலிருந்து வெளியே வந்தபின் கூரான எதையோ வைத்துக் கீறியவை. குயவர் வனைந்து கொடுத்தது எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பானை. வாங்கிப்போனவர் அதில் ஒரு ஏணியையோ நட்சத்திரத்தையோ கீறி, 'இது எம்பட' என்று ஆக்கிக்கொண்டார் எனக் கொள்வதில் தவறில்லை. செய்தவர் கொடுத்த முகத்தை உடையவர் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்வதுதான் சின்ன அலங்காரம் என்றால், அது தோன்றிய இடம் ஈரோடு மாவட்டம். நிறுவியாயிற்று.

இந்தக் கீறல்களையும் சிந்துவெளிக் குறிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தமிழ்நாடு தொல்லியல் துறை ஒரு நூல் வெளியிட்டிருக்கிறது. சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுகிறவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் முதலமைச்சர் அறிவித்தார். சின்னங்களுக்கெல்லாம் முகம் மாற்றி வைத்த மாப்பிள்ளையின் போனில் கேலரி எது, கால்குலேட்டர் எது என்று படித்துக் காட்டுகிறவருக்கு இதுவரை பரிசு எதுவும் இல்லை. சிந்துவெளியை முடித்துவிட்டு அரசு இதற்கு வரும் என்று நம்புவோம்.

கொடுமணலுக்கும் செல்போனுக்கும் நடுவில் இந்த மரபு அறுந்துபோனதாக யாரும் எண்ணவேண்டாம். கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்கும் கடையில் பேர் வெட்டித் தருவார்கள். ஆள் குண்டாவைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, தடிப் பேனா போன்ற மெஷினைப் பிடித்து அழுத்துவார். தேனீ இரைகிற மாதிரி ஒரு சத்தம். புள்ளி புள்ளியாக இனிஷியல் விழும். அதே கடையில் அதே நாளில் அதே குண்டா எத்தனையோ பேருக்குப் போயிருக்கும். ஒரம்பரை எல்லாம் கிளம்பிப் போன விசேஷ வீட்டின் பொடக்காளியில், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, யார் வீட்டுக் குண்டா எது என்று பிரிக்கிற பெண்களுக்கு இந்த இயலில் கௌரவ முனைவர் பட்டமே கொடுக்கலாம்.

கணக்கு

மேல்நாட்டார் இதில் ரொம்பப் பிந்தியவர்கள். 1984-இல் வந்த மேகின்டாஷ் கம்ப்யூட்டருக்குச் சூசன் கேர் என்ற அம்மையார் சின்னங்கள் வரைந்தார். கட்டம் போட்ட நோட்டில் 32-க்கு 32 சதுரம் எடுத்துக்கொண்டு, கறுப்படிக்க வேண்டிய சதுரத்தைக் கறுப்படித்து, சிரிக்கிற கம்ப்யூட்டரையும் திரி பற்றிய வெடிகுண்டையும் அதற்குள்ளேயே கொண்டுவந்தார். ஒரு சின்னத்துக்கு மொத்தம் 1024 சதுரம்.

இங்கே ஒரு வியப்பான ஒற்றுமை புலப்படுகிறது. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1033 பேர் வேட்பாளராக நின்றார்கள். விவசாயிகள் தங்கள் குறையை அரசின் காதில் போடக் கண்டுபிடித்த வழி அது. தேர்தலையே ஒரு மாதம் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. சூசன் கேரின் நோட்டில் சதுரத்துக்கு ஒரு வேட்பாளரை நிறுத்தியிருந்தால் ஒன்பது பேருக்கு இடமில்லாமல் போயிருக்கும். சரி, திரைக்கு 24 சின்னம் கொள்ளும் ஒரு செல்போனில் ஆளுக்கொரு சின்னமாக நிறுத்திப் பார்ப்போம்: 43 திரைகள் நிரம்பி, 44-ஆவது திரையில் ஒரே ஒருவர் தன்னந்தனியாக நிற்பார். அவர் யார் என்பது மேலாய்வுக்கு உரியது. அந்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திச் சட்டமன்ற வேட்பாளரின் டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு ஏற்றியது. திரையில் சின்னங்கள் கண்டபடி பெருகாமல் தடுக்க ஒரு நாடு சட்டமே போட்டது உலகில் இங்கே மட்டும்தான் என்று துணிந்து கூறலாம். மறுப்பவர்கள் மறுக்கட்டும்.

இலக்கணம்

அலங்காரம் பலவகைப்படும். தலையாயது ஐகான் பேக் போடுதல். ஆண்ட்ராய்டு போனில் நாம் பார்க்கும் முகப்புத் திரையை வரைவது லாஞ்சர் என்ற ஒரு செயலி. ஐகான் பேக் என்பது படங்களின் மூட்டை. அதோடு, எந்தச் செயலிக்கு எந்தப் படம் என்று ஒரு பட்டியலும் இருக்கும். லாஞ்சர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் முகமூடி மாட்டிவிடும். பட்டியல் போட்டவர் எங்கேயோ தூரதேசத்தில் இருப்பவர். இன்ஸ்டாகிராமுக்கு ஏழெட்டு விதமாக வரைந்து வைத்திருப்பார். நம்ம ஊர் மின்வாரியச் செயலியை அவர் கனவிலும் கண்டதில்லை. எனவே திரை முழுக்க இளம் பழுப்பில் அடக்கமாக அமர்ந்திருக்க, எல்லாரும் ஒரே கலர் பட்டு என்று பேசி வைத்த கல்யாணத்துக்குச் சேதி தெரியாமல் கிளிப்பச்சை கட்டி வந்துவிட்ட நங்கையாளைப் போல, கரண்ட் பில் செயலி மட்டும் நடுவில் நின்றுகொண்டிருக்கும்.

இரண்டாவது, நிறம் ஏற்றுதல். 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், வால்பேப்பரில் உள்ள நிறத்தை உறிஞ்சித் திரையெங்கும் பூசுகிற வித்தை போனுக்குக் கைவந்துவிட்டது. மறு ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 13-இல், அதற்கென்று ஒற்றை நிறப் படம் வரைந்து கொடுத்த மற்ற நிறுவனங்களின் செயலிகளுக்கும் இது பரவியது. இதன் ஆன்மிக விளைவுகளை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பழநி முருகனை ராஜ அலங்காரத்தில் வால்பேப்பராக வைத்தால் சின்னங்கள் பொன்னும் பட்டுமாக மாறும். அதே முருகனை ஆண்டிக் கோலத்தில் வைத்தால், நிறம் மாறச் சம்மதித்த பேங்க் செயலியும் கூடவே துறவு பூண்டுவிடும். மாதக் கடைசிக்கு இது பொருத்தம்தான். காங்கயம் காளையை வைத்தவர் போன் மழைமேகம் மாதிரி சாம்பல் பூத்துக் கிடப்பதையும் கண்டோம்.

வடிவம் வெட்டுதல் என்றொன்று உண்டு. 2017-இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது, செயலி செய்கிறவர் 108 அளவுள்ள சதுரமாகப் படத்தைக் கொடுத்துவிட வேண்டும், போன் கம்பெனிக்காரர் நடுவில் 72 அளவுக்கு வட்டமாகவோ முனை மழுங்கிய சதுரமாகவோ வெட்டிக்கொள்வார் என்று ஏற்பாடாயிற்று. கட்டிங் மாஸ்டர் வேலை. திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஐபோன்காரர்கள் கதை தனி. 2020 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 14-ஐ வைத்துக்கொண்டு, ஷார்ட்கட்ஸ் என்ற பின்வாசல் வழியாக ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகப் படம் ஒட்டினார்கள். ஒட்டியது செயலி அல்ல, செயலிக்குப் போகும் வழி என்பதால், எத்தனை சேதி வந்திருக்கிறது என்று காட்டும் சிவப்பு வட்டம் அதில் வராது. அழகு வந்தது, சேதி நின்றது. நிறத்தை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஆப்பிளே இறங்கி வந்தது 2024-இல், ஐஓஎஸ் 18-இல். விலையையும் சேர்த்துப் பார்க்கையில் இந்தப் பிரிவினர் பொறுமைசாலிகள் என்றே சொல்லவேண்டும்.

களம்

அவினாசி சாலைப் பேக்கரி ஒன்றில், மாலை நேரத்தில் ஆய்வாளர் கண்டது. ஒரு தம்பி டீ குடித்து முடித்து, காசு கொடுக்கப் போனை எடுத்தார். திரை முழுக்கப் பழுப்பு. சின்னங்களுக்குக் கீழே பேரும் கிடையாது, அழகு கெடும் என்று எடுத்துவிட்டிருந்தார். ஒன்றைத் தொட்டார், பாட்டு வந்தது. இன்னொன்றைத் தொட்டார், திசைகாட்டி வந்தது. கல்லாவில் இருந்தவர், "பொறவு குடுங்க தம்பி, எங்க போயிரப் போறீங்க" என்றார். தம்பிக்கு மானப் பிரச்சினை. கூட வந்தவர் எட்டிப் பார்த்து, "மூணாவது வரிசைல கோணலா ஒண்ணு இருக்கும் பாருடா" என்று துப்புக் கொடுத்தார். கடைசியில் தேடும் பெட்டியில் எழுத்தடித்துத்தான் செயலியைப் பிடித்தார்கள். பணம் வந்துவிட்டது என்று கல்லாவில் இருந்த ஒலிப்பெட்டி உரக்கச் சொன்னது, பேக்கரியே நிம்மதியடைந்தது.

ஒரு துணைக்கண்டுபிடிப்பு: இந்தத் தம்பி "ஜிபே பண்ணிட்டேன்" என்றுதான் சொன்னார், ஆனால் பண்ணியது போன்பேயில். 2017-இல் தேஜ் என்ற பேரில் வந்து 2018-இல் கூகுள் பே ஆன செயலி, கொங்குத் தமிழுக்கு ஒரு வினைச்சொல்லைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. சின்னம் எந்த நிறமாக இருந்தாலும் ஜிபேதான்.

இரண்டாவது களம் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு. தீபாவளி லீவுக்கு வந்த பேரன், அமுச்சியின் போன் பார்க்க நன்றாக இல்லை என்று புது லாஞ்சர் ஏற்றி, எல்லாச் சின்னத்தையும் தங்க நிறத்துக்கு மாற்றிக் கையில் கொடுத்தார். உரையாடல் உள்ளபடியே தரப்படுகிறது.

"ஏஞ்சாமி, எம்பட பச்சைய எங்க கொண்டுபோயி வெச்சே?"

"இங்கதான் இருக்குதுங்க அமுச்சி, கோல்டு கலர்ல."

"கோல்டு எனக்கெதுக்குக் கண்ணு? கழுத்துல கெடக்கறது போதும். பச்சையக் கொண்டா."

பேரன் பழைய நிறத்தைக் கொண்டுவந்தார். அமுச்சி கீழே வலது மூலையில் விரலை வைத்தார். கேமரா திறந்து அவர் முகத்தையே அவருக்குக் காட்டியது. லாஞ்சர் மாறியபோது நிறத்தோடு இடமும் மாறியிருந்ததைப் பேரன் கவனிக்கவில்லை. வாட்ஸ்அப்பின் பச்சை இப்போது இரண்டாவது வரிசையில், கண்ணுக்கெதிரே இருந்தது. அமுச்சியின் விரல் மறுபடி மறுபடி வலது மூலைக்கே போனது. அன்று மாலைக்குள் அவர் தன் முகத்தை வருஷம் பூராவும் பார்ப்பதைவிட அதிகமாகப் பார்த்துவிட்டார்.

முடிபு

திணை மயங்கினாலும் நிலம் மயங்கக் கூடாது என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் கருத்து. உரைகாரர்கள் இதற்குப் பலவாறு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். கோபி தோட்டத்து விளக்கம் எல்லாவற்றிலும் தெளிவானது. படமும் நிறமும் கண்ணுக்கு உரியவை, அவற்றைக் கண்ணுக்குப் பிடித்தபடி மாற்றலாம். இடம் விரலுக்கு உரியது, அதில் கண்ணுக்குப் பாத்தியதை இல்லை. பேக்கரித் தம்பிகூடத் தடுமாறியது பழுப்பினால் மட்டும் அல்ல. முந்தின நாள்தான் சின்னங்களை வரிசை மாற்றி அடுக்கியிருந்தார் என்று விசாரித்தபோது தெரிந்தது.

இனி, பீளமேட்டு மாணவர் கேள்வி. பாடத்திட்டத்தை அவர் மாற்ற முடியாது. மெஸ் சாம்பாரை முடியாது. அறைச் சுவரில் ஆணி அடிக்கக்கூட வார்டனைக் கேட்கவேண்டும். அவர் பேரில் பட்டா உள்ள ஒரே நிலம் அந்த ஆறரை அங்குலத் திரைதான். அதில் ராத்திரி ஒரு மணிக்குப் பெயின்ட் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும்.

லீவுக்கு ஊருக்குப் போகும் பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். உங்கள் போனை என்னவேண்டுமானாலும் செய்யுங்கள். பாட்டி தாத்தா போனில் கை வைக்குமுன், பழைய திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், மாற்றி முடித்தபின் அதைப் பார்த்து ஒவ்வொன்றையும் இருந்த இடத்திலேயே வையுங்கள், பேர்களை மறைக்காதீர்கள். இதைச் செய்யாமல் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டால், மறுபடி பஸ் ஏறிக் கோபிக்கு வரவேண்டியதுதான். போனில் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பச்சையைத் தேடுகிறவரிடம் இருப்பது அந்த ஒரு போன்தான்.