சதுப்பு நிலத்துக்கு ஒரு சான்றிதழ்

தென்சென்னை ஏரிகளில் மிஞ்சும் நீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கடல் பக்கம் அனுப்புவது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் வேலை. சம்பளம் கிடையாது, விடுப்பும் கிடையாது. அப்படி உழைப்பவர்களுக்கு வழக்கமாகச் செய்யும் மரியாதையைத்தான் இதற்கும் செய்தோம். ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, குறுக்கே ரேடியல் சாலை, ஓரத்தில் பறக்கும் ரயில், மிச்சத்தில் ஐ.டி. அலுவலகங்கள். மத்திய அரசின் கடல் ஆய்வு நிறுவனமும் காற்றாற்றல் நிறுவனமும்கூட இங்கேதான். நீரையும் காற்றையும் இவ்வளவு நெருங்கி ஆராய வேறு எங்கே இடம் கிடைக்கும்?

2015 டிசம்பரில் நீர் தன் பழைய முகவரிக்கே வந்தது. வேளச்சேரியில் படகு விட்டோம். பாடமும் கற்றோம். இப்போதெல்லாம் கனமழை என்று வானிலை மையம் வாயெடுத்தாலே கார்கள் மேம்பாலத்தில் வரிசையாக ஏறி நின்றுவிடுகின்றன. (மேம்பாலம் எதற்குக் கட்டினார்கள் என்பது ஒருவழியாக விளங்கியது.) காருக்கு மேடு கண்டுபிடித்த நாம், நீருக்குப் பள்ளம் விட்டுவைத்திருக்கலாமே என்று யாராவது கேட்டால் அவர் வளர்ச்சிக்கு விரோதி.

2022இல் சதுப்பு நிலத்துக்கு ராம்சார் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இடம் வாங்கிக் கொடுத்தோம்; ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். உலக அங்கீகாரம் வந்ததும், அதன் எல்லை எதுவரை, அதை ஒட்டி எவ்வளவு தூரத்தில் கட்டலாம் என்று நீதிமன்றத்தில் வாதாடுகிறோம். பூநாரைகள் இன்னும் வக்கீல் வைக்கவில்லை. பட்டா இல்லாதவர்களின் மனுவை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்று அவற்றுக்கும் தெரியாது போல.