ஸ்டெப்னி எதற்கு?

கே: கடையின் இணையதளத்தை முழுசாக மாற்றப் போகிறோம். அதற்கு முன் பழசை நகலெடுத்தே தீரணும் என்று பையன் அடம்பிடிக்கிறான். நன்றாக ஓடுகிற வண்டிக்கு எதற்கு ஸ்டெப்னி?
– வாசகர், இரும்புலியூர்

ப: ஓடாத வண்டிக்கு எதற்கு ஸ்டெப்னி?

நான் பையன் கட்சி. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்புக்கு 5 வழி வைத்திருந்தார்கள். ஆபத்துக்கு ஒன்றும் உதவவில்லை. காப்பாற்றியது, சுமார் 6 மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்த நகல்! எடுத்தால் மட்டும் போதாது. அந்த நகலை வேறிடத்தில் ஏற்றி, தளம் திறக்கிறதா, ஆர்டர் பட்டியல் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பழசில் கை வையுங்கள். ஃபைல்களை மட்டும் எடுத்து டேட்டாபேஸை விட்டுவிட்டால் படம் வரும், விலை வராது.

நகல் உள்ள ஹார்டு டிஸ்க்கைக் கடை மேஜையிலேயே வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பக்கத்து முடிச்சூரில் தரைத்தளங்கள் மூழ்கிய கதையை இரும்புலியூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? ஒரு நகல் மாடி வீட்டில், இன்னொன்று கிளவுடில் இருக்கட்டும்.